கலாயோகி ஆனந்த குமாரசுவாமி

நாகூர்க் கந்தூரி விழாவில் நாகப்பட்டினத்திலிருந்து சந்தனக்கூடு புறப்பட்டு வருவதை உங்களுள் பலர் கண்டிருப்பீர்கள். விளக்கொளியில் மெல்ல ஊர்ந்து வரும் அக்கூடு மிக்க அழகுடையது. ஆயினும், 'இஃது ஒரு கலைப்பொருள்' என்று எவரும் அதனைத் தனியே நிறுத்திப் பார்ப்பதில்லை. ஆண்டவர் சமாதியில் பூசப்பெறும் சந்தனத்தைச் சுமந்து வருவது அதன் தொழில். அத்தொழிலின் பெருமைக்கு ஏற்பவே அஃது அணிசெய்யப் பெறுகிறது. அழகும் பயனும் அங்கே பிரிந்து நிற்கவில்லை.

சந்தனக்கூடு புறப்படும் அந்த நாகப்பட்டினத்திற்கு வேறொரு பழைய வரலாறும் உண்டு. முதலாம் இராசராச சோழன் காலத்தில், கடல்கடந்த ஸ்ரீவிசய நாட்டு மன்னன் சூளாமணிவர்மன் பெயரால் அங்கே ஒரு புத்த விகாரம் எழுந்தது. அதன் செலவுக்கென ஆனைமங்கலம் என்னும் ஊரை இராசராசன் அளித்தான். காலப்போக்கில் பௌத்தம் இக்கரையில் மறைந்தது. எஞ்சி நின்ற பழைய கோபுரமும் 1867ஆம் ஆண்டில் இடிக்கப்பெற்றது. எனினும், 1856 முதற்கொண்டு அந்நகரின் மண்ணிலிருந்து ஏறக்குறைய 350 பௌத்தப் படிமங்கள் வெளிப்பட்டன. அவற்றுள் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. ஒரு காலத்தில் அடியார்கள் விளக்கேற்றி வணங்கிய திருவுருவங்கள், எண்ணிட்ட அருங்காட்சியகப் பொருள்கள் ஆயின.

பயன்பட்ட இடத்தை விட்டுப் பெயர்ந்த பொருளை நாம் எவ்வாறு காண்பது? அதனைப் போற்றிக் காப்பதன் நோக்கம் யாது? முப்பதாண்டுக் காலம் ஓர் அருங்காட்சியகத்தில் பணிபுரிந்துகொண்டே இவ்வினாக்களைத் துணிந்து எழுப்பியவர் ஒருவர் உண்டு. அவரே கலாயோகி எனப் போற்றப்பெறும் ஆனந்த குமாரசுவாமி.

அவர் 1877ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் கொழும்பில் பிறந்தார். தந்தையார் சர் முத்துக் குமாரசுவாமி, இலங்கைத் தமிழருள் புகழ்பெற்ற வழக்கறிஞர். தாயார் எலிசபெத் என்னும் ஆங்கில மாது. மகனுக்கு இரண்டு வயது நிரம்பு முன்னரே, 1879இல், தந்தையார் காலமானார். எனவே பிள்ளை இங்கிலாந்தில் தாயின் அரவணைப்பில் வளர்ந்தார். இலண்டனில் அவர் பயின்றது கலையன்று, நிலவியலும் தாவரவியலுமே. 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிம அளவைத் துறைக்குத் தலைமை தாங்கினார். தோரியனைட் என்னும் கனிமத்தின் கண்டுபிடிப்பிலும் அவருக்குப் பங்குண்டு.

கனிமம் தேடிச் சென்றவர் கலையைக் கண்டெடுத்தது எங்ஙனம்? ஆராய்ச்சியின் பொருட்டு இலங்கையின் ஊர்களில் சுற்றியபோது, கண்டிப் பகுதிக் கைவினைஞரை அவர் நேரிற் கண்டார். தச்சர், கொல்லர், நெசவாளர், ஓவியர் ஆகியோர் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த தொழில், இயந்திரப் பொருள்களின் வரவாலும், ஆதரிப்பார் இன்மையாலும் நலிந்துகொண்டிருந்தது. பாறையை ஆராயும் அறிஞருக்குரிய பொறுமையோடு, அக்கைவினைகளின் கருவிகளையும் முறைகளையும் கோலங்களையும் அவர் பதிவு செய்தார். 'இடைக்காலச் சிங்களக் கலை' என்னும் அப்பெருநூல் 1908இல் வெளிவந்தது. கைத்தொழிலின் பெருமையைப் பேசும் அந்நூல், கையச்சிலேயே 425 படிகள் மட்டும் அச்சிடப்பெற்றது மிகப் பொருத்தம் அன்றோ!

பின்னர் அவர் இந்தியாவெங்கும் சுற்றி ஓவியங்களையும் சிற்பங்களையும் தொகுத்தார். இராசபுத்திர ஓவியம் பற்றிய அவர் நூல் 1916இல் வெளிவந்தது. காசியில் ஒரு தேசியக் கலைக்கூடம் அமையுமாயின் தம் தொகுப்பை அதற்கு வழங்கவும் அவர் முன்வந்தார். அதற்கு வேண்டிய பொருள் திரளவில்லை. 1917இல் அத்தொகுப்பு அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தை அடைந்தது. அதன் காப்பாளராக அவரும் அங்குச் சென்றார். செல்வத்தின் மதிப்பை உடையவர் உணராதபோது, அது பிறர் வீடு புகுகிறது. இதில் வருந்தத்தக்கது அவர் போனது அன்று. நாம் ஏற்காமற் போனதே.

பாஸ்டனில் அவர் செய்த பணி யாது? காப்பாளர் என்றவுடன் சாவிக்கொத்தோடு காவல் நிற்பவர் என எண்ணிவிடாதீர்கள். ஒரு படிமம் எக்காலத்தது, எந்நாட்டது, எவ்வுலோகத்தால் ஆயது, எத்தெய்வத்தைக் குறிப்பது, கையிலுள்ள முத்திரையின் பொருள் யாது என்று தெளிவுபடுத்துவது காப்பாளர் கடமை. இதற்கு நூலறிவும் வேண்டும், கண்ணறிவும் வேண்டும். இரண்டும் அவரிடத்து ஒருங்கே அமைந்திருந்தன. 1927இல் அவர் எழுதிய 'இந்திய, இந்தோனேசியக் கலை வரலாறு' இரு நிலத்துக் கலைகளையும் ஒரே நூலில் ஆராய்கிறது. கடல் இந்நாடுகளைப் பிரிக்கவில்லை, இணைத்தது என்பதற்கு நாகப்பட்டினத்து விகாரமே சான்று.

அவர் முறைக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். நடராசர் திருவுருவைக் கண்டு, 'கைகள் நான்கு இருப்பது இயற்கைக்கு மாறு' என்று குறைகூறிய மேனாட்டார் அக்காலத்தில் இருந்தனர். குமாரசுவாமி 1912இல் சென்னையிலிருந்து வெளிவந்த 'சித்தாந்த தீபிகை' என்னும் இதழில் சிவனது நடனம் பற்றிய கட்டுரையை எழுதினார். அதற்குத் துணையாக அவர் கொண்டவை திருமந்திரம், உண்மை விளக்கம் முதலிய நம் தமிழ் நூல்கள். துடி படைத்தலையும், அமைந்த கை காத்தலையும், தீ அழித்தலையும், ஊன்றிய பாதம் மறைத்தலையும், எடுத்த பாதம் அருளலையும் குறிக்கும். அந்த உருவம் மனித உடலின் நகல் அன்று. ஐந்தொழிலையும் ஒருங்கே காட்டும் ஒரு கருத்தின் வடிவம். இவ்விளக்கத்தைத் தாங்கிய நூல் 1918இல் அமெரிக்காவில் வெளிவந்து உலகெங்கும் பரவியது.

அருங்காட்சியகத்தைப் பற்றி அவர் கொண்ட கருத்து இன்னும் வியப்புக்குரியது. 'கலைப்பொருள்களை ஏன் காட்சிக்கு வைத்தல் வேண்டும்?' என்பதையே ஒரு நூலின் தலைப்பாக்கி 1943இல் வெளியிட்டார். பழம்பொருள்கள் காட்சிக்கென்று செய்யப்பட்டவை அல்ல; உண்ணவும் உடுக்கவும் வணங்கவும் செய்யப்பட்டவை. ஆதலால், அவற்றைக் கண்டு, 'என்ன அழகு!' என்று கூறி நகர்வது போதாது. அவற்றைச் செய்த மக்களின் வாழ்வையும் எண்ணத்தையும் அறிதல் வேண்டும். அருங்காட்சியகத்தின் பணி கல்வியே. களிப்பூட்டல் அன்று என்பது அவர் துணிபு. தொழிலைச் செம்மையாகச் செய்யும் ஒவ்வொருவரையும் அவர் கலைஞராகவே மதித்தார்.

1947ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள், இந்தியா விடுதலை பெற்ற சில வாரங்களில், எழுபது வயதில் அவர் அமெரிக்காவில் மறைந்தார். பணி ஓய்ந்தபின் இந்தியா திரும்ப வேண்டுமென்ற அவர் விருப்பம் நிறைவேறவில்லை.

மாணவச் செல்வங்களே! அடுத்த முறை எழும்பூர் அருங்காட்சியகத்திற்குச் செல்லும்போது, நாகப்பட்டினத்துப் புத்தர் முன் சற்று நில்லுங்கள். இதனைச் செய்தவர் யார்? எதனால், எம்முறையில் செய்தார்? யாருக்காக? எப்பயன் கருதி? என்னும் வினாக்களை எழுப்புங்கள். பின்னர்ச் சுவாமிமலைக்குச் செல்லுங்கள். மெழுகால் உருவமைத்து, காவிரியின் வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் உலோகத்தை வார்க்கும் தபதியரை அங்கே காணலாம். வார்ப்பு முடிந்ததும் மண் அச்சு உடைக்கப்படுகிறது. ஆதலின் ஒவ்வொரு படிமத்திற்கும் அச்சு ஒன்றே. கண்ணாடிப் பேழைக்குள் நின்ற வினாவுக்கு அக்கைகளில் விடை கிடைக்கும். குமாரசுவாமி கண்டிக் கைவினைஞரிடம் கற்ற பாடமும் அதுவே.