பத்து நிமிட வேலை, மூன்று வாரத் தாமதம்

வெள்ளிக்கிழமை மாலைக்குள் டைம்ஷீட் நிரப்ப வேண்டும். எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் செலவானது என்று கட்டங்களில் எண்களைப் போட்டால் போதும், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஒருவர் மூன்று வாரமாக அதை நிரப்பவில்லை என்று வைத்துக்கொள்வோம். நினைவூட்டும் மின்னஞ்சல்கள் குவிந்து கிடக்கின்றன. போன மாதம் நள்ளிரவில் வாடிக்கையாளரின் சர்வர் முடங்கியபோது, ஐந்து மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்து கோளாறைக் கண்டுபிடித்தவரும் இவர்தான். “மனசு வைத்தால் செய்ய முடிகிறதே, அப்புறம் இதற்கு மட்டும் என்ன?” என்று டீம் லீட் கேட்கிறார். அந்த ஊழியருக்கே பதில் தெரியவில்லை.

காரணம் ஏ.டி.எச்.டி.யாக இருக்கலாம். தமிழில் இதை ‘கவனக்குறைவு மிகை இயக்கக் குறைபாடு’ என்கிறோம். இந்தப் பெயர் எனக்கு எப்போதும் உறுத்தும். ‘தங்கள் கவனக்குறைவால் ஏற்பட்ட தவறுக்கு விளக்கம் தரவும்’ என்று மெமோவில் வரும் அதே சொல்தான் மருத்துவப் பெயரிலும் இருக்கிறது. கேட்பவர் மனதில் முதலில் பதிவது பழி. உண்மையில் ஏ.டி.எச்.டி. உள்ளவர்களிடம் கவனம் குறைவாக இல்லை. அதை வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்தில் கொண்டு நிறுத்துவதுதான் கடினம். பிடித்த வேலையிலோ, தலைக்கு மேல் வெள்ளம் வந்த வேலையிலோ கவனம் தானாகப் போய் ஒட்டிக்கொள்கிறது. சலிப்பான வேலையில் எவ்வளவு இழுத்தாலும் வருவதில்லை.

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிதான் திட்டமிடுவது, தொடங்குவது, இடையில் வருவதை ஒதுக்குவது ஆகியவற்றைப் பார்த்துக்கொள்கிறது. அந்தப் பகுதியின் வேலைக்கு டோபமின், நாரெபிநெஃப்ரின் என்ற இரு வேதிப்பொருட்கள் தேவை. ஏ.டி.எச்.டி. உள்ளவர்களிடம் இந்த ஏற்பாடு வேறு விதமாக இயங்குகிறது. அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி பல ஆண்டுகளாக வலியுறுத்தும் கருத்து ஒன்று உண்டு: என்ன செய்ய வேண்டும் என்பது இவர்களுக்குத் தெரியும், தெரிந்ததை உரிய நேரத்தில் செய்வதில்தான் சிக்கல். அதனால் அறிவுரை பலிப்பதில்லை. டைம்ஷீட்டை ஏன் நிரப்ப வேண்டும் என்று அந்த ஊழியருக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

லண்டன் மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் இத்தகைய சிக்கலுள்ள குழந்தைகளைப் பற்றி 1902-இல் விரிவாக உரையாற்றினார். அதன் பிறகும் பல பத்தாண்டுகள் இது குழந்தைகளின் பிரச்சினை, வளர்ந்தால் போய்விடும் என்றே நம்பப்பட்டது. பலருக்குப் போவதில்லை. வகுப்பில் ஓடியாடிய பிள்ளை வளர்ந்து, மீட்டிங்கில் காலை ஆட்டிக்கொண்டு, பேனாவைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஓட்டம் மனதுக்குள் போய்விடுகிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட கையேட்டில்தான் பெரியவர்களுக்கென அளவுகோல் சற்றுத் தளர்த்தப்பட்டது. குழந்தைகளுக்கு ஆறு அறிகுறிகள் வேண்டும், பெரியவர்களுக்கு ஐந்து போதும். ஆனால் அவற்றில் சில 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் மனநலக் கணக்கெடுப்பை வைத்து 10 நாடுகளின் ஊழியர்களை ஆராய்ந்த முடிவுகள் 2008-இல் வந்தன. 3.5 சதவீதம் பேருக்கு ஏ.டி.எச்.டி. இருப்பதாக மதிப்பிட்டார்கள். நூறு பேர் உள்ள அலுவலகத்தில் மூன்று நான்கு பேர். அவர்கள் சராசரியாக ஆண்டுக்குச் சுமார் 22 நாள் வேலைக்குச் சமமானதை இழந்துகொண்டிருந்தார்கள். சிகிச்சை பெற்றவர்களோ மிகச் சிலர். அந்தப் பத்து நாடுகளில் இந்தியா இல்லை.

இந்த 22 நாட்களும் முழுக்க விடுப்பு எடுத்த நாட்கள் அல்ல. பெரும்பகுதி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே போகிறது. மேலதிகாரி நடைபாதையில் போகிறபோக்கில் மூன்று வேலைகளைச் சொல்கிறார். இடத்துக்கு வந்து அமர்வதற்குள் ஒன்றுதான் நினைவில் இருக்கிறது. காலமும் இவர்களுக்கு வேறு மாதிரி ஓடுகிறது. ‘இப்போது’ ஒன்று உண்டு, ‘அப்புறம்’ ஒன்று உண்டு. நடுவில் எதுவும் இல்லை. அடுத்த வியாழக்கிழமை என்ற கெடு புதன்கிழமை இரவு வரை ‘அப்புறம்’ பக்கத்திலேயே கிடக்கிறது. பிறகு ஒரே பாய்ச்சல். வேலை முடிந்துவிடும், சில சமயம் பிரமாதமாகவே முடியும். அதற்கு அவர் தூக்கத்தைக் கொடுத்திருப்பார்.

வெளியே தெரியாத உழைப்பு இதைவிட அதிகம். அனுப்பிய மின்னஞ்சலை நான்கு முறை திறந்து பார்ப்பது, பகலில் ஓடாத வேலையை எல்லோரும் கிளம்பிய பிறகு உட்கார்ந்து முடிப்பது, மறந்ததை மறைக்கக் காரணம் தேடுவது. பதற்றமும் மனச்சோர்வும் இவர்களிடம் கூடுதலாகக் காணப்படுவதில் வியப்பில்லை. பதவி உயர்வு இன்னொரு கண்ணி. கைத்திறனால் முன்னேறியவரை மேலாளராக்கினால், திட்டமிடுவதும் பிறரின் கெடுக்களைக் கண்காணிப்பதும் அவரது முழுநேர வேலையாகிவிடும். எது அவருக்கு ஆகாதோ அதையே பரிசாகக் கொடுத்தது போல.

பெண்களின் நிலை இன்னும் கடினம். சிறு வயதில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்த பெண் குழந்தையை யாரும் மருத்துவரிடம் அழைத்துப் போகவில்லை. இன்று அலுவலகத்தோடு வீட்டின் எல்லாக் கணக்கையும் அவரே நினைவில் வைத்திருக்க வேண்டும். குழந்தைக்கு ஏ.டி.எச்.டி. என்று மருத்துவர் சொல்லும்போது, ‘நானும் இப்படித்தானே’ என்று விழித்துக்கொள்ளும் தாய்மார்கள் உண்டு. இது மரபுவழியாக வலுவாகத் தொடரும் நிலை என்பதை இரட்டையர்களிடம் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ இது தெரியாது. மனநல மருத்துவர் குழந்தைப் பருவத்திலிருந்து கேட்டறிந்துதான் சொல்வார். பழைய ரேங்க் கார்டில் ஆசிரியர் எழுதிய குறிப்பு, அம்மாவின் நினைவு எல்லாமே உதவும். தைராய்டு கோளாறு, தூக்கக் குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் இதே தோற்றம் காட்டக்கூடும் என்பதால், இரண்டு நிமிட வீடியோவைப் பார்த்துவிட்டுத் தானே முடிவுக்கு வருவது ஆபத்து. எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணை அழைத்துத் தமிழிலேயே பேசலாம். மெத்தில்ஃபெனிடேட், அட்டோமாக்ஸெட்டின் போன்ற மருந்துகள் பலருக்கு நல்ல பலன் தருகின்றன. மருத்துவர் சீட்டும் தொடர் கண்காணிப்பும் இல்லாமல் எடுக்கக் கூடாதவை இவை.

பிரிட்டனில் மருத்துவ நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2018-இல், பெரியவர்களுக்கு மருந்துக்கு முன்பே சூழலை மாற்றிப் பார்க்கச் சொன்னது. உட்காரும் இடத்தை மாற்றுவது, இரைச்சலைக் குறைப்பது, வேலையைச் சிறு துண்டுகளாக்கி இடையில் எழுந்து நடக்க விடுவது, வாயால் சொன்னதை எழுத்திலும் தருவது. இதில் எதற்குப் பெரிய செலவு? ஆனால் இந்தியாவில் சட்டத்தின் துணை பலவீனமாக இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உண்டு, ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை. ஆகவே மேலாளரிடம் சொல்வதா வேண்டாமா என்பது அந்த மேலாளர் எப்படிப்பட்டவர் என்பதைப் பொறுத்தது. அப்ரைசலில் எதிரொலிக்குமோ என்ற பயம் நியாயமானது. பெயரைச் சொல்லாமலே தேவையைக் கேட்கலாம் என்பது என் கருத்து: “சொன்னதை ஒரு வரி மெயிலில் அனுப்பிவிடுங்கள், விட்டுப்போகாமல் செய்துவிடுகிறேன்.” இப்படிக் கேட்பதை யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள்.

டைம்ஷீட்டுக்கும் வழி இருக்கிறது. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து தன் வேலையைச் செய்துகொண்டிருந்தாலே, தொடங்க முடியாத வேலையைத் தொடங்க முடிகிறது என்பது ஏ.டி.எச்.டி. உள்ள பலரின் அனுபவம். வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு, டீ வந்ததும், டீம் மொத்தமும் பதினைந்து நிமிடம் சேர்ந்து உட்கார்ந்து டைம்ஷீட் போடட்டும். யாருக்காக இந்த ஏற்பாடு என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. நாலேகாலுக்கு அந்த ஊழியருடையதும் முடிந்திருக்கும்.