மாந்தோப்பின் விருந்தினர்

சேலத்து மாங்கனியின் சுவையை அறியாதார் நம் நாட்டில் மிகச் சிலரே. சேர்வராயன் மலையடியிலிருந்து, 1997ஆம் ஆண்டில் தனி மாவட்டமான நாமக்கல் வரையில் பரந்து கிடக்கும் சமவெளியில் மாந்தோப்புகள் பல உள்ளன. அத்தோப்புகளுக்கு நாள்தோறும் அழையா விருந்தினர் சிலர் வருகின்றனர். மரம் ஏற அவர்களுக்கு ஏணி வேண்டுவதில்லை, சிறகே போதும். அவ்விருந்தினரை நாமும் சென்று காண்போம்.

கதிரவன் எழும் வேளையே பறவைகளைக் காண்பதற்கு ஏற்ற வேளை. ஒரு மரத்தடியில் அசையாது, ஓசையின்றி அமர்தல் வேண்டும். தோப்பின் வேலியில் செந்நிறப் பூக்களுடன் முள்முருங்கை நிற்கிறது. அதோ, 'சிவிட் சிவிட்' என்ற குரலுடன் தேன்சிட்டு ஒன்று அதனை நாடி வருகின்றது! அதன் உடல் நம் கட்டைவிரலினும் சற்றே பெரிது. வளைந்த மெல்லிய அலகும், குழல்போன்ற நாவும் பூவின் அடியிலுள்ள தேனை உறிஞ்சுவதற்கென்றே அமைந்தவை. அது தேன் உண்ணும்போது அதன் நெற்றியிலும் அலகிலும் மகரந்தம் படிகின்றது. அடுத்த பூவை அடையும்போது அம்மகரந்தம் அங்கே சேர்கின்றது. செடி தந்த தேனுக்குச் சிட்டு தரும் கைம்மாறு இதுவே. அமெரிக்கக் கண்டங்களில் இத்தொழிலை ரீங்காரச்சிட்டு செய்கின்றது. அது அந்தரத்தில் நின்றே தேன் பருகும். நம் தேன்சிட்டோ பெரும்பாலும் கிளையைப் பற்றிக்கொண்டு பருகும்.

இனி, கனி நாடி வருவோரைப் பார்ப்போம். தலையில் கருங்கொண்டையும் வாலடியில் செந்நிறமும் உடையது கொண்டைக்குருவி. ஆலமரத்தில் அமர்ந்து 'டொங் டொங்' எனக் கன்னார் தட்டுவதுபோல ஒலிப்பது குக்குறுவான். வேப்பம்பழம் பழுக்கும் காலத்தில் குயிலும் நாகணவாயும் வேம்பை நீங்கா. இவை உண்ட பழத்தின் சதை செரிக்கின்றது; விதையோ வேறோர் இடத்தில் விழுகின்றது. பனைமரத்தின் இடுக்கில் ஆலங்கன்று முளைத்திருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதனை நட்டவர் யார்? பறவையே அன்றோ!

ஆயினும், இவ்வுழவுத் தொழில் எப்பொழுதும் நமக்கு நன்மையே செய்வதன்று. சில மாமரங்களின் கிளைகளில் வேறு வகை இலைகளுடன் ஒரு செடி அடர்ந்திருக்கும். அதன் பெயர் புல்லுருவி. அது தன் வேரை மாமரக் கிளைக்குள் செலுத்தி, நீரையும் உப்புச் சத்தையும் கவர்கின்றது. நாளடைவில் அக்கிளை மெலிந்து காய்ப்புக் குன்றும். புல்லுருவியின் பழத்தை விரும்பி உண்பது பூங்கொத்தி என்னும் சிறு பறவை. அதன் நீளம் ஏறத்தாழ 8 சென்டிமீட்டரே. பழத்தினுள் உள்ள விதை பசைபோல் ஒட்டுந் தன்மையது. அது பறவையின் உடலினின்று சில நிமிடங்களில் வெளிப்பட்டுக் கிளையில் ஒட்டி, அங்கேயே முளைக்கின்றது. புல்லுருவியின் பூக்களுக்கு மகரந்தம் சேர்ப்பதில் தேன்சிட்டுக்கும் பங்குண்டு. பறவையியல் அறிஞர் சாலிம் அலி, கொங்கண நாட்டில் இவ்வுறவை ஆராய்ந்து 1931ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார்.

அங்ஙனமாயின், தோப்புக்காரர் பூங்கொத்தியைப் பகையெனக் கருதி அழிக்கலாமா? அது தகாது. வனப்பறவைகளைக் கொல்வதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கின்றது. அன்றியும், அப்பறவை சிறு பூச்சிகளையும் சிலந்திகளையும் உண்பது; தேன்சிட்டோ தன் குஞ்சுகளைப் பூச்சிகளாலேயே வளர்ப்பது. குற்றம் பறவையினுடையதன்று, புல்லுருவியைப் பழுக்க விட்ட நம் சோம்பலினுடையது. பழம் தோன்றுமுன், அது பற்றியுள்ள இடத்திற்குச் சற்றுக் கீழே கிளையை வெட்டிவிட்டால் பரப்புவதற்கு விதை இராது. பறவைக்கும் தீங்கு இராது, மரமும் பிழைக்கும். நோயின் முதலை நாடி நீக்குதலே அறிவுடைமை.

சாலைகள் அகலமாக்கப்பட்டபோது நிழல்தரு மரங்கள் பல வீழ்ந்தன. ஒரு முதிய ஆலமரம் வீழ்ந்தால் நூற்றுக்கணக்கான பறவைகளின் உணவுச்சாலை மூடப்படுகின்றது. ஆதலின், மாணவர்களே, உங்கள் பள்ளியின் ஓரத்தில் ஒரு வேம்போ அத்தியோ நட்டு வளர்ப்பீர்களாக. அதில் எப்பறவை எத்திங்களில் எதனை உண்கின்றது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வருவீர்களாக. 2015ஆம் ஆண்டு முதல் பொங்கல் நாள்களில் தமிழ்நாட்டில் பறவைக் கணக்கெடுப்பு நடைபெற்று வருகின்றது. மாணவரும் அதில் பங்கு கொள்ளலாம்.

விருந்தோம்பல் தமிழர் பண்பு. நம் மரங்களை நாடி வரும் சிறகுடைய விருந்தினரும் அதற்கு உரியவரே. அவர்கள் உண்டு சென்ற இடத்தில் நாளை ஒரு மரம் முளைக்கும்.