நாய்த்தலை மனிதர்களின் நாடு

மனித உடல், அதன்மேல் நாயின் தலை, பேச்சுக்குப் பதில் குரைப்பு. இப்படி ஓர் இனம் மலைகளிலும் தீவுகளிலும் வாழ்கிறது என்று உலகம் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் நம்பியிருந்தது. படித்தவர்கள் நம்பினார்கள். மன்னர்களும் மதகுருமார்களும் நம்பினார்கள். இன்று நம் பிள்ளைகள் படக்கதைகளிலும் கைபேசி விளையாட்டுகளிலும் பார்க்கும் நாய்முக வீரர்களுக்கு மூதாதையர் இவர்களே.

இந்த இனத்தின் சொந்த நாடு எது தெரியுமா, வாசகர்களே? நம் முன்னோர் கப்பலேறி வந்த இந்தியாதான்! அதைவிட வியப்பு, இந்தப் பழங்கதையின் முடிச்சை அவிழ்க்க நாம் வாழும் ஜொகூர் மண்ணே உதவுகிறது என்பது.

வைத்தியர் எழுதிய கதை

கி.மு. 400ஆம் ஆண்டு வாக்கில் பாரசீக அரண்மனையில் டீசியஸ் என்ற கிரேக்க வைத்தியர் இருந்தார். இந்தியாவைப் பற்றி அவர் ஒரு நூல் எழுதினார். இந்தியாவை அவர் கண்ணால் கண்டவரல்லர். அரண்மனைக்கு வந்து போனவர்களிடம் கேட்டு எழுதியவர். அந்த நூல் அழிந்துவிட்டது. கி.பி. 9ஆம் நூற்றாண்டில் போட்டியஸ் என்ற கிறிஸ்தவத் தலைமைக் குரு எழுதி வைத்த சுருக்கத்தால்தான் அதன் செய்திகள் நமக்குக் கிடைக்கின்றன.

சிந்து நதி வரை பரந்த மலைகளில் 120,000 நாய்த்தலை மனிதர்கள் இருக்கிறார்கள் என்கிறார் டீசியஸ். கறுத்த நிறம். நாயின் பல்லைவிடப் பெரிய பல். ஆணுக்கும் பெண்ணுக்கும் வால் உண்டு. இந்தியர் பேசினால் அவர்களுக்குப் புரியும். ஆனால் திருப்பிப் பேச வராது. ஊமைகளைப் போல் கையாலும் விரலாலும் சாடை காட்டுவார்கள்.

இதுவரை பயமுறுத்தும் கதைதான். ஆனால் அவர்களுடைய வாழ்க்கை முறையைச் சொல்ல வரும்போது டீசியஸின் குரலே மாறிவிடுகிறது. அவர்கள் ஆடு வளர்க்கிறார்கள், பால் குடிக்கிறார்கள். இறைச்சியை வெயிலில் காயவைத்து உண்கிறார்கள். பழங்களை உலர்த்திக் கூடையில் அடுக்குகிறார்கள். குகையில் வசிக்கிறார்கள், படுக்க இலைதழைதான் மெத்தை. ஆடு அதிகம் உள்ளவனே பணக்காரன். ஆண்டுதோறும் தெப்பம் கட்டி, மரத்திலிருந்து கிடைக்கும் பிசினையும் சாயம் தரும் பூவையும் ஏற்றி அனுப்புகிறார்கள். அதற்கு மாற்றாக மாவும் ரொட்டியும் பருத்தித் துணியும், வேட்டைக்கு வேண்டிய வாளும் வில்லும் வாங்குகிறார்கள். அவர்கள் நேர்மையானவர்கள். 170 வயது, சிலர் 200 வயது வரை வாழ்கிறார்கள்.

வாலையும் நாய்த்தலையையும் எடுத்துவிட்டு இதை ஒருமுறை படித்துப் பாருங்கள். மலைவாழ் மக்களின் அன்றாட வாழ்க்கை அப்படியே தெரிகிறதல்லவா? அந்தப் பிசின் நம் அரக்காகத்தான் இருக்க வேண்டும் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். அரக்குப் பூச்சியைப் போன்ற ஒரு சிவப்புப் பூச்சியையும், அதை அரைத்துச் சாயம் எடுப்பதையும் டீசியஸே குறித்திருக்கிறார்.

ஜொகூரில் மரத்துப் பால்

காட்டு மக்கள் மரத்தின் பிசினைக் கொண்டுவந்து துணியும் தானியமும் வாங்கிப் போவது ஜொகூர் வரலாறு நன்கு அறிந்த காட்சி. இங்கு ரப்பர் வருவதற்கு முன்னமே ஒரு மரத்துப் பால் உலகச் சந்தையைக் கலக்கியது. அதன் பெயர் கெட்டா பெர்ச்சா. மலாயில் தாபான் என்று சொல்லப்படும் காட்டு மரத்தின் பால் அது. கடலுக்கு அடியில் போட்ட தந்திக் கம்பிகளுக்கு உறையாக அது பயன்பட்டது. 1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே போட்ட கம்பிக்கும் இதுவே உறை. 1840களில் ஜொகூரின் தெமெங்கோங் இப்ராஹிம் இந்த வாணிகத்தைத் தம் கைக்குள் வைத்துப் பெருஞ்செல்வம் சேர்த்தார்.

காட்டுக்குள் நடந்து அந்த மரத்தைத் தேடிக் கண்டுபிடித்தவர்கள் யார்? ஜக்கூன் முதலிய பூர்வீக மக்கள். எந்த மரம் எந்த ஓடைக் கரையில் நிற்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பாலை எடுத்தவர்கள் அவர்கள்; பணம் பார்த்தவர்கள் வேறு. பால் மரம் வெட்டிப் பிழைத்த நமக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

இன்றும் எண்டாவ் ஆற்றுப் பக்கம் ஜக்கூன் கிராமங்கள் உள்ளன. ஜொகூர் நீரிணை ஓரம் செலேத்தார் மக்கள் வாழ்கிறார்கள். ஆனால் 2005ஆம் ஆண்டின் இறுதியிலும் 2006ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் ஜொகூர்க் காடு உலகச் செய்தியில் அடிபட்டபோது, பேச்சு இவர்களைப் பற்றியதாக இல்லை. காட்டில் மாவாஸ் என்னும் ராட்சத மனிதன் நடமாடுவதாகவும், அதன் காலடித் தடத்தைக் கண்டதாகவும் செய்தி பரவியது. மாநில அரசே தேடுவதற்கு ஏற்பாடு செய்தது. ராட்சதன் அகப்படவில்லை. பெயரும் ஊரும் உள்ள மனிதர் காட்டில் இருக்க, இல்லாத மனிதனைத் தேடி ஊரே திரண்டது.

எப்போதும் அடுத்த நாட்டில்

நாய்த்தலையர் எங்கே இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு நாட்டாரையும் கேட்டால் வேடிக்கையான விடை வரும். கிரேக்கர், இந்தியாவில் என்றார்கள். இந்தியாவிலோ, 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் தம் பிருகத் சம்ஹிதையில் நாய்முகத்தாரை வடதிசையில் கயிலை, இமய மலைகளோடு சேர்த்துப் பட்டியலிட்டார். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கடல் வழியாக ஊர் திரும்பிய மார்க்கோ போலோ, அந்தமான் தீவு மக்களுக்கு நாயின் தலையும் பல்லும் கண்ணும் உண்டென்றார். அவருக்குப் பின் வந்த ஓடோரிக் பாதிரியார் அதை நிக்கோபார் தீவுக்கு மாற்றினார். ஆனால் அந்தத் தீவின் அரசன் நீதிமான். அவன் நாட்டில் யாரும் அச்சமின்றிப் பயணம் செய்யலாம் என்றும் அவரே எழுதினார்.

ஆக, நாய்த்தலையர் எவருடைய சொந்த ஊரிலும் இருந்ததில்லை. எப்போதும் அடுத்த நாட்டில், மலைக்கு அப்பால், கடலுக்கு அப்பால்!

14ஆம் நூற்றாண்டில் வங்காளத்திலிருந்து சுமத்ராவுக்குக் கப்பலேறிய இப்னு பதூதாவும் வழியில் நாய்வாய் மனிதரைச் சந்தித்ததாக எழுதினார். நாணற் குடிசை, வாழை, பாக்கு, வெற்றிலை எல்லாம் அங்கே இருந்தனவாம். பெண்களுக்கு மட்டும் நாய்வாய் இல்லையாம், நல்ல அழகிகளாம்! அவர் சொன்ன மற்றொரு செய்திதான் முக்கியமானது. அவர்களுடைய மொழி விசித்திரமானது. அவர்களோடு பழகியவர்க்கு மட்டுமே அது புரியும். பழகியவர்க்குப் பேச்சாகக் கேட்டது, பழகாதவர்க்குக் குரைப்பாகக் கேட்டிருக்கிறது.

தமிழர் கண்ட தீவு

அதே நிக்கோபாரைத் தமிழரும் அறிவர். 1025இல் கடாரத்தின் மீது கடற்படை அனுப்பிய இராசேந்திர சோழன் தான் வென்ற ஊர்களைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் பொறித்தான். அதில் மாநக்கவாரம் என்பது நிக்கோபார். தேன் மிகுந்த சோலைகள் உடைய இடம் என்கிறது கல்வெட்டு. நாய்த்தலை பற்றிப் பேச்சே இல்லை. படையெடுத்துப் போனவனின் வெற்றிப் பட்டியல் அது, அன்பால் எழுதியதன்று. ஆயினும், கடல் வழியை அறிந்தவர் சோலையைச் சொன்னார்கள். செவிவழிக் கதையை எழுதியவர் நாயைச் சொன்னார்கள்.

சோழருக்கு முன்னே, 7ஆம் நூற்றாண்டில் அவ்வழியே சென்ற சீனத் துறவி இத்சிங்கும் அவ்வாறே. ஆடையில்லா மக்கள் படகில் வந்து தேங்காயும் வாழைப்பழமும் கொடுத்து இரும்பு கேட்டார்கள் என்று எழுதினார். வியாபாரம் பேச வந்தவர்களை அவர் மனிதர்களாகவே கண்டார்.

துறவியின் தீர்ப்பு

இந்தக் கதை ஒருநாள் வழக்காகவே வந்தது. 9ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் வடக்கே மதப்பணி செய்த ரிம்பர்ட் என்பவருக்கு ஓர் ஐயம். நாய்த்தலையர் மனிதரா, மிருகமா? பிரான்சு நாட்டு மடத்தில் இருந்த ராட்ரம்னஸ் என்ற அறிஞரைக் கேட்டார்.

ராட்ரம்னஸ் தலையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லவில்லை. அவர்கள் ஊராகக் கூடி வாழ்கிறார்களாம், சட்டத்துக்குக் கட்டுப்படுகிறார்களாம். உழுது அறுவடை செய்கிறார்களாம், மானம் அறிந்து உடை உடுத்துகிறார்களாம், கால்நடை வளர்க்கிறார்களாம். இவையெல்லாம் பகுத்தறிவின் அடையாளம். ஆகையால் அவர்களும் ஆதாமின் பிள்ளைகளே என்று எழுதி அனுப்பினார். பார்த்தறியாத மக்களுக்காக 1,100 ஆண்டுகளுக்கு முன் ஒருவர் இப்படி வாதாடினார் என்பது மனத்துக்கு இதமாக இருக்கிறது.

நாய் என்ற சொல்

நாய் என்பது நமக்கு வெறும் வசைச்சொல்லா என்றால், அதுவும் இல்லை. பைரவரின் வாகனம் நாய். தன்னோடு வந்த நாயைக் கைவிட்டுச் சொர்க்கம் போக மாட்டேன் என்றார் தருமர். மாணிக்கவாசகர் இறைவன் முன் தம்மை நாயேன் என்று தாழ்த்திக்கொண்டார். சீனத்து யாவ் இன மக்கள் பான்ஹூ என்ற நாயைத் தம் மூதாதையாகப் பெருமையோடு சொல்வார்கள்.

தன்னைத் தானே நாயேன் என்பது பக்தி. அடுத்தவனைச் சொன்னால் அது வேறு. பழைய சமஸ்கிருத நூல்கள் ஒதுக்கப்பட்ட மக்களைச் சுவபசர், அதாவது நாயைச் சமைப்போர் என்று இழித்துரைத்தன. இத்தகைய இழிசொற்களே வெளிநாட்டார் காதில் நாய்த்தலையாக மாறியிருக்கலாம் என்று கருதும் ஆய்வாளரும் உண்டு. முதலில் ஒரு வசவு. கொஞ்ச காலம் சென்றால் அதற்கு வாலும் பல்லும் முளைத்துவிடுகிறது!

நம் வாயில் வரும் பெயர்கள்

இந்த நாட்டின் பூர்வீக மக்களைச் சக்காய் என்று அழைத்த காலம் ஒன்று உண்டு. அடிமை, அடங்கிக் கிடப்பவன் என்ற பொருள் படிந்த சொல் அது. ஓராங் அஸ்லி, அதாவது பூர்வீக மக்கள் என்ற பெயர் 1960களில்தான் அரசாங்க வழக்கில் நிலைபெற்றது. ஆனால் அழுக்கான பிள்ளையைத் திட்ட நம் வீடுகளிலும் அந்தப் பழைய சொல்லை எடுத்தவர்கள் இருந்தார்கள்.

நமக்கு மட்டும் பெயர் வைக்காமல் விட்டார்களா? கலிங்கம் என்ற நாட்டுப் பெயரிலிருந்து பிறந்த கிளிங் என்ற சொல் பிற்காலத்தில் நம்மை இழிக்கும் சொல்லாயிற்று. உழைப்புக்குத் தரும் ஊதியம்தான் கூலி. அது ஆளின் பெயராகவே ஆனது. அப்பெயர்களைக் கேட்ட நம் தாத்தா பாட்டிமார்கள் எப்படிக் குன்றியிருப்பார்கள் என்பதை நாம் அறிவோம்.

இன்று ஜொகூர்த் தோட்டங்களில் காட்சி மாறிவிட்டது. நம்மவர் பலர் குளுவாங், கூலாய், ஜொகூர் பாரு என்று பட்டணம் பக்கம் போய்விட்டார்கள். நாம் குடியிருந்த வீடுகளில் இந்தோனேசியரும் வங்காள தேசத்தவரும் நேப்பாளியரும் குடியிருக்கிறார்கள். விடிவதற்கு முன் எழுந்து வேலைக்குப் போகிறார்கள்; சம்பளத்தில் பாதியை ஊருக்கு அனுப்புகிறார்கள். அவர்களுடைய பேச்சு நமக்குப் புரிவதில்லை. அதைக் கேலி செய்து பேசிக் காட்டும் பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்கும் பெரியவர்களும் நம்மிடையே இருக்கத்தான் செய்கிறார்கள்.

தாய்மார்களே, பிள்ளைகளுக்கு நாய்த்தலை மனிதர் கதையைச் சொல்லுங்கள். நல்ல கதை அது. சொல்லும்போது அவர்கள் நேர்மையானவர்கள், மரத்துப் பிசின் விற்று மாவும் துணியும் வாங்கிப் பிழைத்தவர்கள் என்பதையும் விடாமல் சொல்லுங்கள். கதை முடிந்ததும், பக்கத்து வீட்டு வங்காள தேசத்துத் தம்பியின் பெயர் என்ன என்று பிள்ளையைக் கேளுங்கள். தெரியவில்லை என்றால், நாளைக்கே போய்க் கேட்டு வரச் சொல்லுங்கள்.