சான்றிதழ் போதுமா, முதுகலையும் வேண்டுமா?

2021 அக்டோபர் 4, இரவு மணி 11.40 இருக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி போய்ச் சேரவில்லை. பேஸ்புக், இன்ஸ்டாகிராம் எதுவும் திறக்கவில்லை. வீட்டு வைஃபைதான் கெட்டுவிட்டது என்று நினைத்து ரவுட்டரை அணைத்துப் போட்டவர்கள் நம்மில் பலர். உண்மையில் உலகம் முழுவதும் அந்தச் சேவைகள் ஏறக்குறைய ஆறு மணி நேரம் முடங்கின.

இணைய ஊடுருவல் எதுவும் நடக்கவில்லை. வழக்கமான பராமரிப்பின்போது கொடுக்கப்பட்ட ஒரு கட்டளை, அந்நிறுவனத்தின் தரவு மையங்களை இணைக்கும் முதன்மை வலையமைப்பையே துண்டித்துவிட்டது. தரவு மையங்களை எட்ட முடியாமல் போனதும், இணையப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வர்கள் தங்கள் பாதையைப் பற்றிய பிஜிபி அறிவிப்பைத் தாமே திரும்பப் பெற்றுக்கொண்டன. அந்த சர்வர்கள் பழுதாகவில்லை, வடிவமைத்தபடியே நடந்துகொண்டன. ஆனாலும் வெளியுலகின் பார்வையிலிருந்து மறைந்துபோயின.

கணினித் துறையில் இளங்கலை முடிப்பவர்கள், வலையமைப்பில் முதுகலை படிக்கலாமா என்று கேட்டால், “சிசிஎன்ஏ எடுத்தாலே வேலை கிடைக்குமே, இன்னும் எதற்குப் படிப்பு?” என்ற பதில் உடனே வரும். நியாயமான கேள்விதான். கல்விக் கடனைத் திருப்பிச் செலுத்த வேண்டும். வீட்டில் தம்பி தங்கைகள் படிக்கிறார்கள். ஓரிரு ஆண்டுகள் சம்பளம் இல்லாமல் இருப்பது எல்லாக் குடும்பங்களாலும் முடிகிற காரியம் அல்ல.

எனவே இரண்டும் எதைக் கற்றுத் தருகின்றன என்று பார்ப்போம். சிசிஎன்ஏ, சிஸ்கோ நிறுவனம் வழங்கும் சான்றிதழ். ரவுட்டர், சுவிட்ச் ஆகியவற்றை அமைக்கவும், முகவரிகளைப் பிரித்துக் கொடுக்கவும், பழுதைக் கண்டுபிடிக்கவும் அது பயிற்றுவிக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வேலைக்குள் நுழைய நல்ல வாசல் அது.

முதுகலையில் எழும் கேள்விகள் வேறு. ஓர் எடுத்துக்காட்டு: 1981-இல் வரையறுக்கப்பட்ட ஐபிவி4 முகவரி 32 பிட் நீளம் கொண்டது. அதில் ஏறக்குறைய 430 கோடி முகவரிகளே அடங்கும். இன்றைய கைப்பேசிகளுக்கும் கருவிகளுக்கும் அது போதவில்லை. அதனால் 128 பிட் கொண்ட ஐபிவி6 வந்தது. அதை ஒரு கருவியில் எப்படி அமைப்பது என்பதைச் சான்றிதழ் சொல்லித் தரும். பழையதும் புதியதும் ஒரே வலையமைப்பில் ஓடும்போது தாமதம் எங்கே கூடுகிறது, பாதுகாப்பு ஓட்டை எங்கே உருவாகிறது என்று சோதித்து, அளந்து, மாற்று வழி சொல்வது முதுகலை ஆய்வு. பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் ஐபிவி6 ஆய்வுக்கென்றே ஒரு தேசிய மையம் அமைக்கப்பட்டது. மலேசிய புத்ரா பல்கலைக்கழகத்தின் கணினிப் புலத்தில் வலையமைப்புக்கென்று ஒரு துறை உண்டு.

நம் நாட்டில் முதுகலையைப் பாடம்வழி, ஆய்வுவழி, இரண்டும் கலந்த வழி என மூன்று முறைகளில் படிக்கலாம். பொதுவாக இளங்கலையில் குறைந்தது 2.50 சிஜிபிஏ கேட்பார்கள். பாடம்வழிப் படிப்பைப் பகுதிநேரமாகத் தரும் பல்கலைக்கழகங்களும் உள்ளன. வேலையை விடாமலேயே படிக்க அது உதவும். ஆய்வுவழியில் மேற்பார்வையாளரே முக்கியம். விண்ணப்பிக்கும் முன் அவருடைய அண்மைய கட்டுரைகளைப் படித்துப் பாருங்கள். ஆய்வு உதவியாளராகச் சேர்த்துக்கொள்ள மானியம் இருக்கிறதா என்றும் தயங்காமல் கேளுங்கள்.

முடிவெடுக்கும் முன் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். வயர்ஷார்க், மினிநெட் இரண்டும் இலவச மென்பொருள்கள். முதலாவது, உங்கள் கணினிக்கு வந்துபோகும் தரவுப் பொட்டலங்களைக் காட்டும். இரண்டாவது, ஒரே மடிக்கணினிக்குள் ஒரு வலையமைப்பையே உருவாக்கித் தரும். அதில் ஓர் இணைப்பைத் துண்டித்துப் பாருங்கள். மீண்டும் ஓட வைத்ததும் மனம் நிறைந்துவிட்டால், சான்றிதழோடு வேலைக்குப் போவதே உங்களுக்குப் பொருத்தம்; முதுகலையைப் பிறகு பகுதிநேரமாகத் தொடரலாம். ஓடிய பிறகும் “ஏன் இவ்வளவு நேரம் எடுத்தது?” என்ற கேள்வி விடாமல் துரத்தினால், முதுகலை விண்ணப்பத்தை எடுங்கள்.

இடைநிலைப்பள்ளித் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: இந்த ஆய்வுகளில் நிகழ்தகவுக் கணக்கு அடிக்கடி வரும். கூடுதல் கணிதத்தை இப்போதே விட்டுவிடாதீர்கள்.