அலுமினியம் ஒரு சதவீதம் கூடினால்

பித்தளை என்றால் தாமிரமும் துத்தநாகமும், வெண்கலம் என்றால் தாமிரமும் வெள்ளீயமும். பத்தாம் வகுப்பில் உலோகக்கலவையை இந்த அளவில் முடித்துவிடுகிறோம். கலந்தால் பண்பும் சராசரியாகிவிடும் என்று மாணவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். காதர்பேட்டைப் பிள்ளைகளிடம் அந்த எண்ணத்தைக் கலைக்கப் பனியன் துணியே போதும். அதே பருத்தி நூலைத் தறியில் நெய்தால் நீளாது, பின்னினால் நீளும். நூற்றுக்கு ஐந்து பங்கு லைக்ரா சேர்த்தால், இழுத்து விட்டதும் பழைய அளவுக்கே திரும்பும். சேர்மானம், அடுக்கு இரண்டையும் பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்கு உடனே பிடிபடுகிறது.

அங்கிருந்து வடிவ நினைவு உலோகக்கலவைக்குப் போகிறேன். துணியில் திரும்பும் குணம் லைக்ராவுடையது. இங்கோ தாமிரம், அலுமினியம், நிக்கல் எதற்கும் தனியே அந்த நினைவு இல்லை. தூய தாமிரத்தின் அணுக்கள் முகப்பு மைய கனசதுரமாக அடுங்கியிருக்கும். போதிய அலுமினியம் சேர்த்து நன்கு சூடாக்கினால் அது பொருள் மைய கனசதுரமாகிறது. மெதுவாக ஆறவிட்டால் அணுக்கள் இடம்பெயர்ந்து இரு வேறு படிகங்களாகப் பிரிந்துவிடும். சட்டென்று நீரில் அமிழ்த்தினால் அதற்கு நேரமில்லை. காலை வழிபாட்டில் வரிசை கலையாமல் எல்லோரும் அரை அடி நகர்வதுபோல அணுக்கள் ஒன்றாகச் சாய்கின்றன. இந்த அமைப்பின் பெயர் மார்ட்டென்சைட். பக்கத்து அணு மாறாததால் திரும்பும் வழியும் இருக்கிறது. குளிர்ந்த நிலையில் வளைத்து, சூடாக்கினால் நிமிர்கிறது.

எந்த வெப்பநிலையில் என்பதைக் கலவை விகிதமே முடிவு செய்கிறது. தாமிரம்–அலுமினியம்–நிக்கல் கலவைக்கு ஓர் அனுபவச் சமன்பாடு உண்டு: 2020-லிருந்து அலுமினிய எடைச் சதவீதத்தின் 134 மடங்கையும் நிக்கல் சதவீதத்தின் 45 மடங்கையும் கழித்தால், குளிரும்போது மார்ட்டென்சைட் தோன்றத் தொடங்கும் வெப்பநிலை செல்சியஸில் கிடைக்கும். நிக்கல் 4 என்று வைப்போம். அலுமினியம் 13 என்றால் 98 டிகிரி. 14 என்றால் மைனஸ் 36. 13.2 சதவீதக் கம்பியை வகுப்பறையில் வளைத்துவிட்டு, கொதிநீரில் போட்டால் நிமிரும். 14 சதவீதக் கம்பியோ வெந்நீர் இல்லாமலே, கையை விட்டதும் ரப்பர்போலத் திரும்பும். உருக்கும்போது 0.1 சதவீதம் தவறினால் 13 டிகிரி போயிற்று! துத்தநாகம் சேர்ந்த கலவையில் இது இன்னும் தொல்லை. 907 டிகிரியில் கொதிக்கும் துத்தநாகம் உருக்கும்போதே ஆவியாகிக் குறைந்துவிடும்.

நிக்கல்–டைட்டானியம் கலவையைவிட இவை மலிவு. ஆனால் படிகத் துகள்கள் பெரிதாக வளர்ந்து, அவற்றின் எல்லைகளில் விரிசல் விடும். சிறிது டைட்டானியமோ போரானோ சேர்த்துத் துகள்களைச் சிறிதாக்குகிறார்கள். அலுமினியத்தைக் குறைத்து மாங்கனீசு சேர்த்தால் எளிதில் வளையும் கலவை கிடைக்கிறது.

தாமிரக் கலவைகளில் இந்த மாற்றத்தை 1938-இல் கிரெனிஞ்சரும் மூரேடியனும் விவரித்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டவை நம் பாடப்புத்தகத்தின் அதே இரு இணைகள்: தாமிரம்–துத்தநாகம், தாமிரம்–வெள்ளீயம். ஆதிச்சநல்லூரில் கிடைத்த வெண்கலக் கலங்களை ஆராய்ந்த சாரதா சீனிவாசன், சுமார் 23 சதவீத வெள்ளீயம் கலந்து, சூட்டில் அடித்து, நீரில் அமிழ்த்தியவை அவை என்று காட்டியிருக்கிறார். உள்ளே இருப்பது ஊசி ஊசியான மார்ட்டென்சைட். மெதுவாக ஆறியிருந்தால் அந்தக் கலம் எளிதில் நொறுங்கும்.

பயிற்சிக்கு ஒரு கணக்குத் தருகிறேன். பனியன் கிடங்கு ஒன்றின் தீயணைப்பு நீர்க்குழாயைச் சுமார் 70 டிகிரியில் தானாகத் திறக்கும் வில் வேண்டும். நிக்கல் 4 சதவீதம். அலுமினியம் எவ்வளவு? சூடாகும்போது திரும்பும் வெப்பநிலை, குளிரும்போது மாறும் வெப்பநிலையைவிடச் சற்றுக் கூடுதல் என்பதை மாணவர்களிடம் முதலில் சொல்லாதீர்கள். விடை வந்தபின் கேளுங்கள்: வில் சரியான நேரத்தில் திறக்குமா, தாமதமாகத் திறக்குமா?