மருந்தைத் தாங்கும் உயிரணுக்கள்

சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் (1895–1948) அவர்களை நம்மவர் அதிகம் நினைப்பதில்லை. லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அவர் குழுவினர் ஆக்கிய மருந்தைக் கொண்டே, பாஸ்டன் நகர டாக்டர் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளில் பத்துப் பேருக்குத் தற்காலிக நலம் கண்டதாக 1948-இல் அறிவித்தார். ஆயினும் நோய் திரும்பியது. பின்னர் அதே மருந்துக்கு அது பணியவில்லை. ஏன்?

விடையின் ஒரு பகுதி கண்ணாடிக் கலங்களில் கிடைத்தது. அம்மருந்தின் நெருங்கிய உறவான மெத்தோட்ரெக்ஸேட், உயிரணு பெருகுவதற்கு இன்றியமையாத ஒரு நொதியைப் பற்றிக்கொண்டு செயலிழக்கச் செய்கிறது. மருந்தைப் படிப்படியாக உயர்த்தி வளர்க்கப்பட்ட சுண்டெலிப் புற்றணுக்களை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து ராபர்ட் ஷிம்கேயும் துணைவர்களும் ஆராய்ந்தனர். அந்த நொதிக்குரிய ஜீன், ஏறத்தாழ 200 மடங்கு பெருகியிருந்ததை 1978-இல் வெளியிட்டனர். ரயில்வே குமாஸ்தாக்களாகிய நமக்கு இது எளிதில் விளங்கும்: ஒரு டிக்கெட் ஜன்னலை அடைத்தால் அலுவல் நின்றுவிடும், இருநூறு ஜன்னல்களைத் திறந்துவிட்டால் அடைப்பவர் என்ன செய்வார்?

உயிரணு தந்திரம் கற்றுக்கொண்டது என்று எண்ணிவிடலாகாது. கோடிக்கணக்கான அணுக்களுள் ஏதோ ஒன்றிரண்டில், நகலெடுக்கும் பிழையால் அந்த ஜீன் மிகையாக அமைந்துவிடுகிறது. மருந்து மற்றவற்றைக் கொன்று, இவற்றுக்கு இடம் ஒழித்துக் கொடுக்கிறது. அளவு ஏற ஏற, நகல் மிகுந்தவையே எஞ்சுகின்றன.

நமக்குப் பெருவியப்பு அளித்தது இன்னொன்று. மருந்தை நிறுத்தியதும் சில அணுக்குலங்கள் இத்திறனை இழந்தன, சில இழக்கவில்லை. குரோமோசோமுக்குள்ளேயே பதிந்த நகல்கள் நிலைத்தன. தனியே மிதக்கும் சிறு துண்டுகளில் இருந்தவையோ, அணு இரண்டாகப் பிரியும்போது சமமாகப் பங்கிடப்படாமல் நாளடைவில் மறைந்தன.

ஜீன் பெருக்கம் சில நோயாளிகளின் கட்டிகளிலும் பின்னர் காணப்பட்டது. ஒரு மருந்தைத் தாங்கும் அணுவை மற்றொன்று கொல்லட்டும் என்று பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை 1960-களிலேயே வந்துவிட்டது. அதனால் பிழைத்த குழந்தைகள் ஏராளம். ஆனால், டொரான்டோவில் ஜூலியானோ, லிங் என்னும் இருவர் 1976-இல் ஹாம்ஸ்டர் எலியின் அணுக்களில் ஒரு புரதத்தைக் கண்டனர். அணுவின் மேலுறையில் அமர்ந்து, ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல மருந்துகளையும் வெளியே இறைத்துவிடும் பம்பு அது.