முதல் காய்ச்சல்

வீட்டில் பீர் தயாரிக்க இறங்குபவர்களின் முதல் முயற்சி பல நேரம் சாக்கடையில் முடிகிறது. அது தரும் பாடங்கள் மட்டும் வீணாவதில்லை.

பாலைக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவைத்து, உறை ஊற்றி, விடியும்வரை தொடாமல் இருக்கத் தெரிந்த எந்தப் பாட்டியும் சுலபமாகத் தேறிவிடக்கூடிய பரீட்சை அது. ஆனால் பெங்களூர், புணே, மும்பை அடுக்குமாடிக் குடியிருப்புகளில், பெரிய பாத்திரமும் தெர்மாமீட்டருமாக அடுப்படிக்குள் நுழையும் இளைஞர்கள் முதல் தடவை அதில் கோட்டை விடுகிறார்கள். அவர்கள் தயாரிக்க விரும்புவது தயிர் அல்ல, பீர்.

ஆசை எங்கிருந்து வந்தது என்பதில் ரகசியம் இல்லை. 2010க்குப் பிறகு பெருநகரங்களில் பெருகிய மைக்ரோ ப்ரூவரிகள், பீர் என்பது ஒரே மாதிரியான மஞ்சள் திரவம் அல்ல என்று காட்டின. காப்பி நிறத்தில் ஒன்று, கோதுமையில் ஒன்று, ஆரஞ்சுத் தோல் மணத்தோடு ஒன்று. இதை நாமே செய்தால் என்ன?

செய்முறை காகிதத்தில் எளிது. 20 லிட்டர் பீருக்கு நான்கைந்து கிலோ மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லி வேண்டும். அதை உடைத்து, 65 முதல் 68 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாகிறது. வடிகட்டிய இனிப்புச் சாற்றில், கசப்புக்கும் மணத்துக்கும் ஹாப்ஸ் பூக்களைப் போட்டு மேலும் ஒரு மணி நேரம் கொதிக்கவைக்க வேண்டும். ஆறியதும் ஈஸ்ட் சேர்க்க வேண்டும். அது சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் தருகிறது. ஏறக்குறைய இரண்டு வாரத்தில் பாட்டிலுக்கும், இன்னும் இரண்டு வாரத்தில் கோப்பைக்கும் வந்துவிடும்.

சறுக்கல் 'ஆறியதும்' என்ற அந்த ஒரு சொல்லில் ஆரம்பிக்கிறது. 20 லிட்டர் கொதிசாறு தானாக ஆற ஓர் இரவு ஆகும். அவசரக்காரர் சூட்டோடு ஈஸ்ட்டைக் கொட்டி அதைக் கொன்றுவிடுகிறார். பொறுமைசாலி மூடாமல் வைத்துவிட்டுத் தூங்கப் போகிறார். காலையில் அவர் ஈஸ்ட் போடுவதற்கு முன்பே காற்றில் வந்த கிருமிகள் விருந்தை ஆரம்பித்துவிடுகின்றன. அனுபவசாலிகள் தாமிரக் குழாய்ச் சுருளைச் சாற்றில் இறக்கி, குழாய்க்குள் தண்ணீரை ஓடவிட்டு அரைமணி நேரத்தில் சூட்டை இறக்குகிறார்கள்.

அடுத்த எதிரி வெயில். வழக்கமான ஏல் வகை ஈஸ்ட்டுக்கு 18 முதல் 22 டிகிரி வரை சுகம். பெங்களூர் ஏப்ரலில் பகல் வெப்பம் 33, 34 டிகிரியைத் தொடுகிறது. போதாததற்கு, புளிக்கும் சாறு தானும் சில டிகிரி சூடேறும். விளைவு, நகப்பூச்சு நெடியும் தொண்டையை எரிக்கும் காரமும். பீர் கெட்டுவிட்டது என்று நினைக்கிறார் புதியவர். உண்மையில் ஈஸ்ட் வெப்பத்தில் தறிகெட்டு ஓடியிருக்கிறது. எட்வர்ட் டையர் என்ற வெள்ளைக்காரர் 1850களில் கசௌலி மலைமேல் மது ஆலை வைத்தது வேடிக்கை பார்க்க அல்ல. குளிரும் ஊற்று நீரும் தேடித்தான்.

மலையேற முடியாதவர்களுக்கு மாற்று வழி உண்டு. பாத்திரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து ஈரத்துணி சுற்றி, காலையும் மாலையும் ஐஸ் பாட்டில்களை மாற்றிப் போடலாம். மண்பானைத் தண்ணீர் குளிரும் அதே சூத்திரம். நார்வே நாட்டுப் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் பாதுகாக்கப்பட்ட 'க்வேக்' ஈஸ்ட் 35 டிகிரியிலும் ஒழுங்காக வேலை செய்வது இப்போது வெப்ப நாட்டுக்காரர்களுக்கு வரப்பிரசாதம்.

மூன்றாவது பாடம் சுத்தம். பீர் புளித்துப்போவதற்குக் காரணம் வேண்டாத நுண்ணுயிர்கள் என்பதை விளக்கி லூயி பாஸ்டர் 1876-ல் ஒரு புத்தகமே வெளியிட்டார். சாறு கொதித்து இறங்கிய பிறகு அதைத் தொடும் கரண்டி, குழாய், மூடி எல்லாமே கிருமி நீக்கப்பட்டிருக்க வேண்டும். கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு. முதல் முறை காய்ச்சுபவர் பெரும்பாலும் முதலாவதோடு நின்றுவிடுகிறார்.

இவையெல்லாம் நாக்குக்கு மட்டுமே தண்டனை. நான்காவது தவறில் ரத்தம் வரலாம். குமிழிகள் நின்றதும் வேலை முடிந்தது என்று புதியவர் பாட்டிலில் அடைக்கிறார். குமிழிகளை நம்ப முடியாது. ஹைட்ரோமீட்டரைத்தான் நம்ப வேண்டும். ஆரம்பத்தில் 1.050 இருந்த அடர்த்தி 1.010 வரை இறங்கி, இரண்டு மூன்று நாள் அசையாமல் நின்றால்தான் முடிந்ததாக அர்த்தம். ஆல்கஹால் அப்போது சுமார் 5 சதவிகிதம். நுரைக்காக பாட்டிலில் லிட்டருக்கு ஆறேழு கிராம் சர்க்கரை சேர்ப்பது வழக்கம். 1.020-லேயே அடைத்தால் அதற்கு மூன்று மடங்கு சர்க்கரை உள்ளேயே மிச்சமிருக்கும். பாட்டில் அலமாரிக்குள் வெடிக்கும். அருகில் யாராவது நின்றால் கண்ணாடிச் சில்லுகள் ஆளைப் பார்ப்பதில்லை.

இத்தனை பாடங்களையும் ஹைட்ரோமீட்டர் இல்லாமலே கற்றவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். ஜார்க்கண்ட் பழங்குடிப் பெண்கள் 'ஹண்டியா' என்ற அரிசி பீர் தயாரிக்கும்போது சோற்றை வடித்துப் பரப்பி நன்றாக ஆறவைத்த பிறகே 'ரானு' என்ற மூலிகை வில்லையைப் பொடித்துக் கலக்கிறார்கள். கோடையில் சீக்கிரம் புளிக்கும், குளிரில் தாமதமாகும் என்பது அவர்களுக்குத் தோசைமாவுக் கணக்கு. அஸ்ஸாமின் திமாசா மக்களுடைய 'ஜுதிமா' 2021-ல் புவிசார் குறியீடும் பெற்றது.

சட்டமும் இவர்களை வேறு மாதிரி பார்க்கிறது. மது மாநிலங்களின் அதிகாரத்தில் உள்ள விஷயம். சொந்த உபயோகத்துக்கு வழக்கமான பானம் தயாரிக்கப் பழங்குடியினருக்குப் பல மாநிலங்கள் விலக்கு அளித்திருக்கின்றன. மற்றவர்கள் லைசென்ஸ் இல்லாமல் தயாரித்தால், விற்காவிட்டாலும் பெரும்பாலான மாநிலங்களில் குற்றம். வீட்டு பீருக்கு லைசென்ஸ் தேவை என்ற விதியை பிரிட்டன் 1963-ல் நீக்கியது. அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் 1978-ல் அதை அனுமதிக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். இந்தியாவில் அப்படியொரு பொதுவான அனுமதி இல்லை. வாடகை வீட்டு அடுப்படியில் 20 லிட்டர் காய்ச்சுபவர் கலால் அதிகாரியின் பார்வையில் வெறும் பொழுதுபோக்காளர் அல்ல.

அதிகாரிகளின் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2015-ல் மும்பை மால்வணியில் 100 பேருக்கு மேலும், 2024-ல் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேலும் செத்தார்கள். ஆனால் அவர்களைக் கொன்றது மெத்தனால் கலந்த சாராயம். தானியம் புளிப்பதில் மெத்தனால் அநேகமாக உண்டாவதே இல்லை. இரண்டையும் ஒரே தராசில் வைக்கும் சட்டம் ஒரு ஆபத்தையும் ஒரு அசட்டுத்தனத்தையும் ஒன்றாகவே பார்க்கிறது.

முதல் பீரைக் கொட்டியவர்களில் பலர் அதோடு கும்பிடு போட்டுவிடுகிறார்கள். மிச்சமிருப்பவர் ஒரு நோட்டுப்புத்தகம் வாங்குகிறார். தேதி, வெப்பம், அடர்த்தி, எதை எப்போது போட்டார் என்று எழுதத் தொடங்குகிறார். பீரைத் தயாரிப்பது தான் அல்ல, ஈஸ்ட் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. சுத்தமான இடமும் இதமான குளிரும் கொடுத்துவிட்டு விலகி நிற்பதே தன் வேலை. உறை ஊற்றிய பாத்திரத்தை இரவெல்லாம் திறந்து திறந்து பார்த்தால் என்ன ஆகும் என்று அவருடைய பாட்டிக்கு எப்போதோ தெரியும்.